உதாரண வாக்கியத்தில் மாட்டிய சூப்பர்வைசர்

வெள்ளைப் பலகையில் எழுதியிருந்த உதாரண வாக்கியம் என்னைப் பற்றியதுதான் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன். ஐம்பது வயதுக்கு மேல் அப்படி நம்புவதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அதில் குறைவே இல்லை.

ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலைகளுக்கு நான் சூப்பர்வைசர். குழாய் ஒழுகினாலும் ஏர்கான் இருமினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே காலையில் வேலை தொடங்கும் முன் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். வாரம் ஒரு ஆங்கிலச் சொல், அதற்கு இரண்டு மூன்று உதாரண வாக்கியங்கள். கோரஸாக வாசித்த பிறகுதான் துடைப்பத்தையே தொடலாம். முந்தின வாரச் சொல் 'ஜெனரஸ்'. தாராள மனமுள்ள முதலாளி ஊழியர்களுக்குப் பரிசு கொடுத்தார் என்று வாரம் முழுக்க வாசித்தோம். எந்த முதலாளி, எந்தப் பரிசு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை வந்த சொல் 'நெக்லிஜென்ட்'. கவனக்குறைவானவர் என்று பொருள். முதல் வாக்கியமே இதுதான்: கவனக்குறைவான சூப்பர்வைசர் தண்ணீர்ப் பம்பைப் பார்க்க மறந்துவிட்டார்.

எனக்குக் காது சுட்டது. ஏனென்றால் முந்தின வியாழக்கிழமை மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றபோது, நான் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் என்னும் நுரைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தலையில் ஷாம்பூ நுரையோடு ஒரு விருந்தாளி வரவேற்பு மேசைக்குப் போன் அடித்திருக்கிறார். ஓடி வந்து சரிசெய்தேன். பம்பு பழசு என்றேன், நம்பிவிட்டார்கள். மாமாக் கடையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. மாத முடிவில் என் வேலைக் கண்ட்ராக் வேறு முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் தருவதாகப் பேச்சு.

அறை சுத்தம் செய்யும் பெண்கள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல, "நெக்லிஜென்ட் சூப்பர்வைசர்" என்று இழுத்து இழுத்து வாசித்தார்கள். சலவைப் பகுதி அக்காவுக்கு அன்றைக்கென்று அவ்வளவு குரல் வளம். வாசித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, பேரு மட்டுந்தான் போடல. ஐசி கார்டு நம்பரையும் எழுதியிருக்கலாம் லா."

"சும்மா இரும்மா. சூப்பர்வைசர்னா நான் ஒருத்தன்தானா?"

"பம்புக்கு நீங்க ஒருத்தர்தானே?"

ஸ்டோருக்குள் போய், பெயின்ட் டின்மேல் உட்கார்ந்து, கைப்பேசி அகராதியில் அந்தச் சொல்லுக்கான உதாரணங்களைத் தட்டிப் பார்த்தேன். லாரி ஓட்டுநர் நெக்லிஜென்ட். காவலாளி நெக்லிஜென்ட். தாதி நெக்லிஜென்ட். உலகத்தில் ஒரு டைரக்டர்கூடக் கவனக்குறைவாக இருந்ததில்லையா? பம்பை மாற்றச் சொல்லி நான் எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! மாற்றாதவருக்கு 'ஜெனரஸ்', அந்த ஓட்டைப் பம்பைத் தடவிக் கொடுத்து ஓட்டுகிறவனுக்கு 'நெக்லிஜென்ட்'. நல்ல சொல்லையெல்லாம் மேல்மாடிக்கு ஏற்றிவிட்டு, மிச்சத்தை எங்கள் தலையில் கொட்டுகிற அகராதி என்ன அகராதி?

கேட்டே தீருவது என்று மனிதவள அலுவலகத்துக்குப் போனேன். பயிற்சிக்குப் பொறுப்பான பெண் அங்கே இருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம், கண்ட்ராக்கில் கையெழுத்துப் போடும் மேனேஜர். அவர் இருப்பதை நான் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையிலும் இல்லை.

"பலகையில எழுதி அவமானப்படுத்துறீங்களா? நேராக் கேக்க வேண்டியதுதானே?"

"எதைக் கேக்கணும், அங்கிள்?"

"தெரியாத மாதிரி நடிக்காதம்மா! ஆமா, பம்பு நின்னப்ப நான் மாமாக் கடையிலதான் இருந்தேன். ஒரு மனுசன் ஒரு தே குடிக்கக்கூடாதா? அதுக்குன்னு ஊரே கூடி வாசிக்கணுமா?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"அங்கிள், அது இன்டர்நெட்ல எடுத்தது. ஹோட்டல் ஸ்டாப்புக்குன்னு தேடினேன், வந்துச்சு. பம்பு எப்ப நின்னுச்சு?"

வியாழக்கிழமை அவள் விடுப்பில் இருந்திருக்கிறாள். பம்பு நின்றது மேனேஜருக்குத் தெரியும். நான் எங்கே இருந்தேன் என்பதை என் வாயிலிருந்துதான் கேட்டார். மாத முடிவில் எனக்குக் கிடைத்தது ஆறு மாதக் கண்ட்ராக்.