முதுகெலும்பில் ஒரு வெள்ளைப் பொட்டு

"ஊக்கு, ஜிப், சாவி, சில்லறை... எதுவும் உடம்புல இருக்கக் கூடாதும்மா. காலையில கால்சியம் மாத்திரை போட்டீங்களா? போட்டிருந்தா இன்னிக்கு வேணாம், இன்னொரு நாள் வாங்க." தினம் இருபது தடவை சொல்லும் இந்தப் பாட்டில் ஸ்கேன் அக்காவுக்கு ஒருநாளும் சலிப்பு தட்டியதில்லை. சொல்லிக்கொண்டே, படுத்திருப்பவரின் கெண்டைக்காலுக்கு அடியில் சதுரமான பஞ்சுத் திண்டை நகர்த்தி வைப்பார். பயந்து விறைத்துக் கிடந்தால், "மூச்சு விடலாம்மா, அதெல்லாம் படத்துல தெரியாது" என்பார்.

எலும்பின் அடர்த்தியைப் படம்பிடிக்கும் அந்த அறையில் பதினெட்டு வருடமாக இருக்கிறார். வயது ஐம்பத்தாறு, குள்ளம், வேக நடை. பெரிய டாக்டர் உட்பட எல்லோருக்கும் அவர் 'ஸ்கேன் அக்கா'தான்.

மேஜை இழுப்பறையில் எப்போதும் ஒரு டப்பா. உள்ளே வேகவைத்த சோயா. மாதவிடாய் நின்றபின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு மெலியும், சோயாவில் அதே சாயலில் ஒரு பொருள் இருக்கிறது என்று படித்த நாளிலிருந்து வேளை தவறாமல் கொறிக்கிறார். ருசியைக் கேட்டால், "அட்டைப் பெட்டியை ஊறவெச்ச மாதிரி இருக்கும்" என்று ஒளிக்காமல் சொல்வார்.

விளையாட்டுக்குச் செய்யவில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்த அவருடைய அம்மா கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை. போன வருடம் அவருக்கும் அவருடைய தங்கைக்கும் சேர்ந்தே எலும்பு மெலிந்திருப்பது தெரிந்தது. வாரம் ஒரு மாத்திரை என்று டாக்டர் இருவருக்கும் எழுதிக் கொடுத்தார். "ஒரு வருஷம் சோயாவைப் பாத்துட்டு அப்புறம் போடறேன்" என்றார் அக்கா. தங்கை அதையே பிடித்துக்கொண்டாள். "உனக்கு எதுவோ அதேதான் எனக்கும். இந்த வேலையிலயே இருக்கறவ நீ!"

வருடம் முடிந்தது. எக்ஸ்ரே அறைக்காரரை அழைத்து மெஷினை இயக்கச் சொல்லிவிட்டு, தானே ஏறிப் படுத்தார். அடர்த்தி நன்றாக ஏறியிருந்தது! எக்ஸ்ரேக்காரர் கைதட்டினார். தங்கைக்குப் போன் பறந்தது. "பாத்தியா, சொன்னேன்ல!" அந்தப் பக்கம் அவள் அழுதேவிட்டாள்.

ஆனால் பதினெட்டு வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு எலும்பாகப் பார்த்தார். மூன்றாவது முள்ளெலும்பின் எண் மட்டும் அக்கம்பக்கத்து எலும்புகளைவிட ஒரேயடியாக எகிறியிருந்தது. அதன்மேல் நீள்வட்டமாக ஒரு வெள்ளைப் பொட்டு. ஐயோ! காலை அவசரத்தில் விழுங்கிய கால்சியம் மாத்திரை முதுகெலும்புக்கு நேராக வயிற்றில் கரையாமல் கிடந்து, எலும்போடு எலும்பாகக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஊரையே கேட்கும் கேள்வியைத் தன்னைக் கேட்டுக்கொள்ள மறந்திருக்கிறார்.

"விடுங்கக்கா, யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"என் எலும்புக்குத் தெரியுமேப்பா."

இரண்டு நாள் கழித்து, மாத்திரை போடாமல் வந்து மறுபடி படுத்தார். போன வருடத்தைவிட அடர்த்தி இறங்கித்தான் இருந்தது. "சோயா நல்ல சாப்பாடு, தாராளமா சாப்பிடுங்க. ஆனா இவ்வளவு மெலிஞ்ச எலும்புக்கு அது மட்டும் போதாது" என்றார் டாக்டர். தங்கைக்கும் அதே பதில்தான். அவளுடைய மாத்திரையையும் புதுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.

சும்மா சொல்லக் கூடாது, அடுத்து அவர் செய்தது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. மறுநாள் விடிந்ததும் இரண்டு படங்களையும் வாங்கிவைத்த மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுச் சமையலறையில் போய் நின்றார்.

தங்கை கொதித்துப் போனாள். "உன் பேச்சை நம்பி ஒரு வருஷம் மருந்தே போடாம இருந்துட்டேனே! எனக்கும் அம்மா மாதிரி ஆச்சுன்னா?"

"ஆமாண்டி, தப்பு என்னோடதுதான்." வாய் ஓயாத மனுஷி அதற்கு மேல் ஒரு சாக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னார்: "வெறும் வயித்துல போடணும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது."

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா ஒரு டம்ளர் தண்ணீரோடு தன் மாத்திரையை விழுங்கினார். டம்ளரைக் கழுவி மறுபடி நிரப்பினார். இன்னொரு மாத்திரையைப் பிரித்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.