தோமோயே காட்டிய இரு சாட்சிகள்

1945 ஆகஸ்ட் 6: ஹிரோஷிமாவில் அணுகுண்டு.
1957 ஜூலை 3: விண்ணப்பம், புகைப்படச் செலவு 60 யென்.

என் பக்கத்து வீட்டுத் தோமோயேவுக்கு ரத்தப் புற்று. அணுகுண்டால் பாதிக்கப்பட்டோருக்கான இலவச சிகிச்சை அட்டை வேண்டுமானால், குண்டு விழுந்தபோது அவளை அங்கே பார்த்த இருவர் கையெழுத்திட வேண்டும். அவள் தெருவில் வேறு எவரும் பிழைக்கவில்லை.

"சாட்சி இல்லாம முடியாதும்மா," என்றார் நகராட்சி அலுவலகக் குமாஸ்தா.

"பார்த்தவங்க எல்லாம் எரிஞ்சு போயிட்டாங்க, சாட்சி கேக்குறீங்களா?" என்றவள், விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினாள். "எழுதுங்கண்ணே. விமானம் ஓட்டினவன் ஒருத்தன், குண்டு போட்டவன் ஒருத்தன். கீழே பொம்பளைங்களும் குழந்தைங்களும் இருக்கோம்னு தெரிஞ்சுதானே போட்டானுங்க."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். செப்டம்பரில் அவள் இறந்தாள். சாட்சிகளின் முகவரி கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, 1957 அக்டோபர் 14.