ஆறு மணிச் செய்திக்கு எஞ்சிய கரண்ட்

பழைய பற்றரியைச் சார்ஜில் போட்டால் தொண்டையைக் காறுகிற ஒரு புளிச்ச மணம் வரும். ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஸ்ரௌவ்வில்லில் இருக்கிற என்னுடைய யார்ட்டில் அந்த மணம் எழும்பினால், இந்த வயதிலும் நெஞ்சு ஒருதரம் திடுக்கிடும். கரவன் என்கிற சில்லுவைத்த வீட்டை வாடகைக்கு விடுகிற தமிழன் யார் என்று பிக்கரிங்கில் கேட்டாலும் அஜின்கோர்ட்டில் கேட்டாலும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒருவருடைய தயவிலும் நிற்காமல், ஓட்டைக் கரவன் ஒன்றை வாங்கித் திருத்தி, அதிலிருந்து இவ்வளவையும் உண்டாக்கினவன். கோடை வந்தால், "அங்கிள், எவ்வளவு பெரிய ரீவி கொழுவலாம்?" என்று கேட்காமல் சாவியை வாங்கிப் போகிற ஆள் கிடையாது. "முதல் பற்றரியைப் பாரும், பிறகு ரீவியைப் பாரும்" என்பேன். சிரிப்பார்கள். அந்தப் பாடத்தை நான் ஒரு புத்தகத்திலும் படிக்கவில்லை. பதின்மூன்று வயதில், கனடாவுக்கு வந்த முதற் கோடையில், ஒரு கரவனுக்குள் படித்தது.

அந்தக் கோடை நாங்கள் ஸ்ரௌவ்வில்லுக்கு வெளியே ஒரு மரக்கறித் தோட்டத்தில் இருந்தோம். ஐயா, அதாவது என் அப்பா, தோட்டத்து லொறியில் மரக்கறி ஏற்றி ரொறன்ரோவுக்குக் கொண்டுபோவார். அம்மா வெங்காயம் பிடுங்குவா. தோட்டக்காரர் தூரத்து ஊரில் இருந்து வந்து போகிறவர், எங்களுக்குக் குடியிருக்க வயலோரத்துக் கரவனைத் தந்திருந்தார். கரண்ட் கம்பி அவ்வளவு தூரம் எட்டாது. இருந்ததெல்லாம் ஒரு பற்றரி. பின்னேரம் ஐயா வந்து லொறியை ஓடவிட்டு, இரண்டு வயரைக் கொழுவி, அதற்குச் சார்ஜ் ஏற்றுவார்.

ரீவி வந்தது, பழைய சாமான் விற்கிற ஒரு 'கராஜ் சேல்' வீட்டிலிருந்து. அங்கே இரண்டு கிடந்தன. ஒன்று மரப்பெட்டிக்குள் கதவு வைத்த பெரிய கலர் ரீவி. மற்றது கைப்பிடி போட்ட குட்டிக் கறுப்பு வெள்ளை. நேரே பற்றரியில் ஓடக்கூடியது. நான் குட்டியைத் தூக்கினேன். ஐயா என் கையைத் தட்டிவிட்டார். "உந்தச் சோப்புப் பெட்டியை ஆருக்கடா காட்டுறது? நாளைக்குச் சனம் வந்தால் என்ன நினைக்கும்?" கரவனுக்கு வரப்போகிற சனம் யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஊரிலே கதவு வைத்த ரீவி இருந்த வீட்டைக் கடக்கும்போது நடையை மெதுவாக்கினவர் அவர். கரவன் கதவைக் கழற்றித்தான் பெரியதை உள்ளே ஏற்றினோம். அதை ஓட்ட, பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக்குகிற ஓர் 'இன்வேட்டரும்' வாங்கவேண்டி வந்தது. விற்றவர் இரக்கப்பட்டுக் குட்டியைச் சும்மா தந்தார். நான் அதைப் படுக்கைக்குக் கீழே ஒளித்துவைத்தேன்.

கரவனுக்குள் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது என்பது தோட்டக்காரரின் கட்டளை. அம்மாவுக்கோ பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்கில்லாமல் சோறு இறங்காது. ஐயா லொறியின் பின்பக்கத்துச் சிவப்பு பல்ப் ஒன்றைப் படத்துக்கு முன்னால் பூட்டி, பற்றரிக்குக் கொழுவிவிட்டார். இரவு பகலாக அது எரிந்தது. மற்ற எந்த லைட்டைப் போட்டாலும் "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று சத்தம் போடுகிற ஐயா, அதன் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். சாமி விளக்கும் கரண்டில்தான் எரிகிறது என்ற எண்ணம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

ஆவணி மாதம். ஒருநாள் லொறி பழுதாகி ஐயா ரொறன்ரோவிலேயே தங்கிவிட்டார். பற்றரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. மறுநாள் பின்னேரம், எங்களோடு வேலை செய்த சந்திரன் அண்ணை வயலுக்குள்ளால் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அக்கா, எங்கட தமிழ் ஆக்களைக் கனடாக் கடலுக்கை கண்டெடுத்திருக்கிறாங்களாம். சின்னப் படகுகளில கிடந்தவையாம். ஜேர்மனியில இருந்து வந்தவையாம். ட்ரக்ரர் ரேடியோவில சொன்னவங்கள். ஆறு மணிக்கு ரீவியில காட்டுவாங்கள்."

அம்மாவின் கையில் இருந்த வெங்காயக் கட்டு கீழே விழுந்தது. அவவின் ஒரே தம்பி குகன் மாமா ஜேர்மனியில் இருந்தவர். "வெளிக்கிடப் போறன், அக்கா" என்று எழுதின பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எந்த வழியால் வெளிக்கிட்டார், உயிரோடு இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது.

ஆறு மணிக்கு முன்னரே நான் பெரிய ரீவியைப் போட்டேன். இன்வேட்டர் கீச்சிட்டு நின்றது. திரும்பப் போட்டேன். திரும்பவும் கீச்சிட்டு நின்றது.

"மகாராசா இண்டைக்கு எழும்பமாட்டாராம்" என்றார் சந்திரன் அண்ணை, ரீவியின் மரப்பெட்டியைத் தட்டி. அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவருடைய சிரிப்பு அணைந்துபோனது.

நான் படுக்கைக்குக் கீழிருந்து குட்டியை இழுத்து, நேரே பற்றரிக்குக் கொழுவினேன். படம் வந்தது. வந்த வேகத்திலேயே உள்ளங்கையளவு சுருங்கி, பெருவிரலளவு சுருங்கி, இல்லாமற் போனது. வயர்களைப் பார்த்தேன், எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. லைட் எரியவில்லை, ஃபான் ஓடவில்லை. பின்னே எது இந்தக் கரண்டைக் குடிக்கிறது? தேடித் திரும்பினபோது அம்மாவின் கன்னத்தில் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைக் கண்டேன். அவ பிள்ளையாருக்கு முன்னால் கைகூப்பி நின்றா.

தம்பிக்காகக் கும்பிடுகிற மனுசியிடம் சாமி விளக்கை நிப்பாட்டு என்று எப்படிச் சொல்வது?

"அம்மா... பிள்ளையாற்ற பல்ப்புத்தான் பற்றரியைக் குடிக்குது."

"டேய், வாயைக் கழுவடா!" என்றார் சந்திரன் அண்ணை.

அம்மா கண்ணைத் திறந்தா. படத்தைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

"கழட்டு. அவர் மூலஸ்தானத்து இருட்டுக்கை இருந்து பழகினவர். என்ர தம்பி தண்ணிக்கை கிடந்தவன்."

கழற்றினேன். ஆனால் உடனே ரீவியைப் போட விடவில்லை. களைத்த பற்றரியைக் கொஞ்சம் ஆறவிட்டால் இன்னும் கொஞ்சம் இழுக்கும் என்பது எனக்குத் தெரியும்; அதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை, நானாகக் கழற்றிப் பூட்டிக் கண்டுபிடித்தது. மணி ஆறானது. "போடடா!" என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினா. "பொறுங்கோ அம்மா, இப்ப போட்டால் செய்தி வாசிக்கிறவன்ர மூஞ்சியைத்தான் பார்க்கலாம்." அவவின் நகம் என் தோளில் இறங்கியது. ஆறு தாண்டியது. சந்திரன் அண்ணை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். எனக்கு மட்டும் பயமில்லை என்று சொன்னால் அது பொய். பிந்திப் போட்டு அந்தப் படம் கடந்துபோயிருந்தால், அம்மா என்னை மன்னித்திருந்தாலும் நான் தலைநிமிர்ந்திருக்கமாட்டேன்.

போட்டேன்.

கடல். இரண்டு படகு. பிறகு ஒரு துறைமுகம். கம்பளி போர்த்தபடி வரிசையாக இறங்கி வருகிற எங்கள் ஆட்கள். அம்மா தன் மூக்கு ரீவிக் கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குக் குனிந்துவிட்டா. எங்களுக்குத் தெரிந்தது அவவின் பின்கழுத்துத்தான். படம் ஓரத்தில் சுருங்கத் தொடங்கியது.

"உது! உதுதான் குகன்! தலையை மூடிக்கொண்டு வாறவன்! நடையைப் பாரடா, நடையை!"

நான் எட்டிப் பார்ப்பதற்குள் நடுவிலே ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் நின்றது. பிறகு அதுவும் போனது. கரவனுக்குள் அம்மா விம்மி விம்மி அழுதா. அழுதபடியே அரிசி கழுவினா.

இருட்டினபின் வந்த ஐயா, "கம்பளி மூடின ஒருத்தனைக் கண்டுட்டு..." என்று இழுத்தார். "என்ர தம்பியை எனக்குத் தெரியும்" என்றா அம்மா. அந்தக் கிழமையே தோட்டத்து அலுவலகத்துக்குப் போன் வந்தது. குகன் மாமாதான். உயிரோடு வந்து சேர்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணம், எந்தப் பிறந்தநாள் என்றாலும் அம்மா அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. பக்கத்தில் இருக்கிற மாமாவைத் தட்டி, "என்னடா குகன்?" என்பா. "ஓம் அக்கா, நான்தான்" என்பார் அவர், ஒவ்வொரு முறையும்.

வெங்காய வயல் இருந்த இடத்தில் இப்போது ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கரவன் நின்ற இடத்தை என்னாலேயே காட்டமுடியாது. ஐயா முன்னரே போய்விட்டார். அம்மா போன வருடம் போனா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, பிக்கரிங்கில் மாமாவின் வீட்டில் இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் சொன்னார்.

"ரீவிக்காரர் வந்து படம் எடுத்த நேரம் நான் மயங்கி, ஏத்திவந்த கப்பலுக்கை கிடந்தனான். அந்த வரிசையிலயே நான் இல்லையடா."

"இவ்வளவு காலமும் ஏன் மாமா சொல்லேல்லை?"

"அக்கா என்னைக் கண்டவ. நான் எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?"

இன்றைக்கு என்னுடைய கரவன்களில் வெயிலில் சார்ஜ் ஏறுகிற பற்றரி இருக்கிறது, சுவரளவு ரீவி இருக்கிறது. வியர்வைத் துளியையும் எண்ணலாம், அவ்வளவு துலக்கம். கம்பளி மூடின எவனோ ஒருவனை, கறுப்பு வெள்ளைப் புகைக்குள், என்ர தம்பி என்று அடித்துச் சொல்ல இனி எங்கள் வீட்டில் ஆளில்லை.