ஞாயிற்றுக்கிழமை எடுத்த ஏழு காலைகள்

எனக்குக் கை சும்மா இருக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்து, வீடியோவை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். "அடுப்புல பால வச்சுட்டு வந்தவளாட்டம் பண்றியே" என்று கணவர் கிண்டல் செய்வார். செய்யட்டும், சேனல் என்னுடையது. தினமும் காலையில் எங்கள் தக்காளித் தோட்டத்தில் நின்று, இன்று என்ன வேலை பார்க்கிறோம் என்று இரண்டு நிமிடம் பேசுவேன். அவ்வளவுதான் வீடியோ.

பார்க்கிறவர்கள் கூடியதும் ஆசையும் கூடியது. கன்னடத்தில் ஒரு சேனல், எடிட்டிங்குக்கு ஓர் ஆள், விதை விற்க ஒரு கடை என்று மனசு பறந்தது. தினமும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தால் இதற்கெல்லாம் நேரம் ஏது? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஏழு வீடியோ எடுத்தேன். ஏழு சேலை. எல்லாவற்றிலும், "இன்னிக்குக் காலைல என்ன பண்றோம்னா..." என்றுதான் தொடங்கினேன். நாளுக்கு ஒன்றாகத் தானே வெளியாகும்படி போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மேகம் கறுத்து நின்றது. "மழ வரும், தண்ணி வுட வேணாம்" என்றார் கணவர். மோட்டார் போடவில்லை. அன்று வெளியான வீடியோவிலோ நான், "பூ வுடுற நேரம், நல்லாத் தண்ணி கட்டுறோங்க" என்று சிரித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு நினைவே இல்லை. கடை விஷயமாகச் சேலம் போகும் வழியில், தொப்பூரில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்றுதான் பார்த்தேன். மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியது.

அடுத்த வாரம் கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். தொடக்கத்திலிருந்தே எங்கள் வீடியோக்களைப் பார்ப்பவர். வியாழக்கிழமை வீடியோவைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கட்டிய வயலில் மழையும் தேங்கி, அவருடைய தக்காளி முழுக்க வேர் அழுகிவிட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கும் மேகம் தெரிஞ்சுதுங்க. நீங்களே தண்ணி கட்டறப்ப, வெவரம் இல்லாமயா செய்வாங்கன்னு நானும் கட்டிட்டேன். அது போவட்டும். உங்க செடியும் போயிருக்குமே, அதக் கேக்கத்தான் போன் பண்ணேன்."

ஐயோ! எதிரே எங்கள் செடிகள் பூவும் பிஞ்சுமாக நின்றன. 'ஆமாங்க' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என்மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"எங்களுது நல்லா இருக்குதுங்கண்ணா. அன்னிக்கு நாங்க தண்ணியே வுடல. அது மொதல்லயே எடுத்து வச்ச வீடியோங்க."



"அப்படிங்களா," என்றார். "நான் வேற, ரெண்டு நாளா உங்களுக்கு என்னாச்சோன்னு தவிச்சுக் கெடந்தேங்க."

போனை வைத்துவிட்டார்.