இலவச டிக்கெட்டில் கிள்ளானுக்கு

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு எங்கள் விமானம் கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தில் இறங்கியது. பெல்ட்டைக் கழற்றலாம் என்று அறிவித்த பிறகும் என் மனைவி மரகதம் கழற்றவில்லை. ஓடுபாதைக்கு அப்பால் தெரிந்த பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது முதல் விமானப் பயணம். அதுவும் இலவச டிக்கெட்டில்; என் டிக்கெட்டுக்குத்தான் காசு.

அந்த டிக்கெட் சும்மா வரவில்லை. கோவையில் நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கும் எனக்கு ஜகார்த்தாவிலும் தைப்பேயிலும் அடிக்கடி வேலை இருக்கும். ஐந்து வருடமாக ஒரே விமான நிறுவனத்தில்தான் பறந்தேன். பறந்த தூரத்துக்கு அவர்கள் புள்ளிகள் தருவார்கள். போதிய புள்ளிகள் சேர்ந்தால் ஒரு டிக்கெட் இலவசம். அதற்காகப் போகும்போதும் வரும்போதும் சுபாங்கில் மணிக்கணக்காக அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பேன்.

"வேற கம்பெனியில மலிவாவே நேராப் போலாம். புள்ளியைக் கட்டிக்கிட்டு அழறீங்க" என்பார் அலுவலக நண்பர் நடராஜன்.

மரகதத்துக்கு மலேசியாவில் தெரிந்தவள் ஒருத்திதான். பள்ளித் தோழி சரோஜா, கல்யாணமாகி, கோலாலம்பூருக்குப் பக்கத்திலுள்ள கிள்ளானுக்கு வந்து இருபது வருடமாகிறது. அதன்பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை. புள்ளிகள் சேர்ந்ததும் எங்கே போகலாம் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

டாக்சி ஓட்டுநர் தமிழர்.

"அண்ணே, முதல் தடவையா?" என்றார்.

"முப்பது தடவை வந்திருப்பேன். ஏர்போர்ட்டை விட்டு வெளியில வர்றது இன்னிக்குத்தான்."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்போ நல்லா பாருங்கலா. அதோ, ரெட்டைக் கோபுரம். மேல முடிஞ்சிருச்சு, உள்ளுக்கு இன்னும் வேலை ஓடுது."

மரகதம் கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்தாள். நானும் வெட்கப்படாமல் நீட்டினேன்.

தமிழர் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அறை எடுத்தோம். தெருமுனையில் மல்லிகைச் சரம், பக்கத்திலேயே சீனர் கடையில் வறுத்த வாத்து. மதியம் வாழை இலையில் சாப்பாடு. "ஏனுங்க, பேச்செல்லாம் நம்ம பேச்சு. போர்டை மட்டும் படிக்க முடியலீங்க" என்றாள் மரகதம்.

சனிக்கிழமை காலை கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் கொமுட்டர் என்கிற புறநகர் ரயிலில் ஏறினோம். டிக்கெட் சில வெள்ளிதான்; ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். குளிரூட்டிய, புத்தம்புது மின்ரயில். சுபாங் ஜெயா, ஷா ஆலம் என்று நிலையங்கள் கடக்கக் கடக்க மரகதத்தின் பேச்சு குறைந்தது.

"அவளுக்கு என்னைய அடையாளம் தெரியுங்களா?"

கிள்ளானில் இறங்கியபோது சல்வார் அணிந்த ஒரு பெண் எங்களைத் தாண்டிப் போனாள். நான்கு அடி போனவள் நின்று திரும்பினாள்.

"மரகதம்? என்னடி, குண்டாயிட்டலா."

"லாவா? அதென்னடி லா?" டாக்சிக்காரரும் இப்படித்தான் பேச்சின் கடைசியில் ஒரு லா ஒட்டினார்.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் நடைமேடையில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அழுதார்கள். சரோஜாவின் கணவர் குணா, துறைமுகத்தில் குமாஸ்தா. "வாங்க, நாம காப்பி குடிப்போம். இது இப்ப முடியாது" என்று என்னை அழைத்துப் போனார். அன்றிரவு அவர்கள் வீட்டிலேயே தங்கினோம்.

ஞாயிறு மாலை சுபாங் கவுன்டரில் இருந்த பெண் என் புள்ளிக்கணக்கு அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள்.

"சார், உங்களை பிசினஸ் கிளாஸுக்கு மாத்திட்டேன். ஆனா ஃப்ளைட் ஓவர்புக் ஆயிருச்சு. மேடம் இலவச டிக்கெட், அவங்களுக்குச் செவ்வாய்க்கிழமைதான் சீட் இருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அஞ்சு வருஷமா உங்களை விட்டு வேற எங்கயும் போகலைம்மா."

"அதனாலதான் சார் உங்களுக்கு பிசினஸ் கிளாஸ்" என்றாள் பணிவாக.

நானும் செவ்வாய்க்கிழமையே போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மரகதம் என் சட்டைக் கையை இழுத்தாள்.

"சில்லறை குடுங்க. சரோஜாவுக்குப் போன் பண்றேன்."

"தனியா வந்துருவியா?"

"வந்த வழிதானுங்களே. திங்கட்கிழமை சென்னையில மில்லுக்காரங்களைப் பார்க்கணும்னீங்க. நீங்க போங்க."

தொலைபேசியில் சரோஜாவின் குரல் எனக்கே கேட்டது. "அங்கயே நில்லுலா, வரோம்."

முக்கால் மணி நேரத்தில் குணாவின் கார் வந்தது. மரகதம் முன்னால் ஏறிய வேகத்தில் எனக்குக் கையசைக்க மறந்துபோனாள். நான் அகலமான இருக்கையில் கால் நீட்டி, பீங்கான் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு சென்னை வந்தேன். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. பேசத்தான் ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை மீனம்பாக்கத்தில் காத்திருந்தேன். எல்லோருக்கும் முன்னால், வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள் மரகதம். மறுநாள் காலை கோவை ரயிலில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். குணா லீவு போட்டு, கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகில் நண்டுத்தீவுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஊர் முழுக்கக் கடல்மேல் கம்பு நட்டுக் கட்டிய வீடுகளாம். காரே கிடையாது, பலகைப் பாதையில் சைக்கிள்தானாம். நண்டை உடைக்கச் சுத்தியல் கொடுத்தார்களாம்.

ஒரே நிறுவனத்தை நம்பியிருந்தது லாபமா என்று நடராஜன் கேட்கத்தான் போகிறார். காசுக்கணக்கில் அவர் சொல்வதே சரியாக இருக்கலாம். நான் வேறு நிறுவனத்துக்கு மாறப்போவதில்லை.

சன்னலுக்கு வெளியே காய்ந்த கரம்பு நிலமும் பனைகளும் ஓடின. ஜோலார்பேட்டை வந்தபோதும் மரகதம் அந்தப் படகிலிருந்து இறங்கியிருக்கவில்லை.