பூஜையில் வைத்த வீடியோ கேம்

நேற்று சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு தன் வீடியோ கேம் பெட்டிகளையும் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தது என் கணவர்தான்.

எல்லாமே சீல் பிரிக்காதவை. வாங்குவார், கண்ணாடி அலமாரியில் வைப்பார், தூசி துடைப்பார். விளையாட மாட்டார், என்னையும் விட மாட்டார். அதில் ஒன்றை விளையாட எனக்கு ரொம்ப நாள் ஆசை.

இன்று காலை பூஜை முடிந்ததும் அதைக் கையில் எடுத்தேன், கத்தரிக்கோலோடு.

"ஏய், பிரிக்காதே! சீல் போனா மதிப்பே போச்சு!"

"இன்னிக்கு விஜயதசமிங்க. பூஜையில வச்சதை எடுத்து ஆரம்பிக்கணும். பொண்ணு புக்கை எடுத்துப் படிச்சா. நீங்க பைக்கை எடுத்து மாட வீதியை ஒரு சுத்து சுத்திட்டு வந்தீங்க."

"அது வேற, இது வேற."

"அப்போ இதை ஏன் பூஜையில வச்சீங்க?"

கேட்டுக்கொண்டே பிரித்துவிட்டேன். அவர் அந்த பிளாஸ்டிக் உறையைக் கசங்காமல் மடித்து, பத்திரமாக அலமாரியில் வைத்தார்.

இப்போது விளையாட்டில் முதல் பாலத்தைத் தாண்ட முடியாமல் ஆற்றில் விழுந்துகொண்டே இருக்கிறேன். எப்படித் தாண்டுவது என்று அவரிடம் கேட்டால், "எனக்கென்ன தெரியும்?" என்கிறார்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தாண்டாமல் நான் எழுந்திருப்பதாக இல்லை.