குட்டை ரிவால்வர் உதைத்த உதை

போலீஸ் உத்தியோகத்தில் திருடனிடம் உதை வாங்குவது அபூர்வம்; கையில் கொடுத்த துப்பாக்கியிடம் உதை வாங்குவதுதான் வாடிக்கை. அப்படி வாங்கி, வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும் சகோதர அதிகாரிகளே, இது உங்களுக்காக.

தொப்பி

ஐம்பதுகளில் செங்கல்பட்டில் மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டராக இருந்தேன். மஃப்டியில் போகும்போது சட்டைக்குள் மறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு குட்டை ரிவால்வர் கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற சாமான், இது என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். கனம் குறைந்த துப்பாக்கிதான் பலமாக உதைக்கும், குழல் குட்டையானால் இன்னும் துள்ளும் என்றெல்லாம் அப்போது யார் கண்டது?

மலையடிவாரத்தில் சுடும் மைதானம். பழக்கிவிட்டவர் ஹவில்தார் காதர் பாட்சா. "கெட்டியா புடிங்க சார்" என்றார். நானோ மாம்பிஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்து, முழங்கையை மடக்கிச் சுட்டேன். துப்பாக்கி துள்ளி வந்து என் நெற்றியிலேயே முட்டியது. தொப்பி பின்னால் விழுந்தது. எதிரே குறிக்காக நிறுத்தியிருந்த அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. ஹவில்தார் தொப்பியை எடுத்துத் தூசு தட்டி நீட்டினார்.

"குண்டு எங்க போச்சோ தெரியல சார். துப்பாக்கி மட்டும் கரீட்டா ஆளத் தேடிகினு வந்துட்ச்சி."

பானை

அடுத்த தடவை நெற்றியைக் காப்பாற்றிக்கொண்டேன். ஆனால் சுடும் நேரத்தில் மணிக்கட்டு தளர்ந்து, குழல் வானத்தைப் பார்த்துவிட்டது. குண்டு அட்டைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. அந்தப் பக்கம் யாராவது இருந்தால்? எல்லோரும் மேட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினோம்.

நல்லவேளை, ஆள் யாரும் இல்லை. ஒற்றைப் பனைமரம், உச்சியில் கட்டியிருந்த பானை உடைந்து கள் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தச் சுற்று வட்டாரத்தில் திருட்டுக் கள் இறக்குகிறவனைத்தான் வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தேன். ஹவில்தார் அண்ணாந்து பார்த்தார்.

"நீங்க குறி பாக்காம சுட்டாதான் சார் கேஸு கெடைக்குது."

காலித் தோட்டா

மேலேதானே துள்ளுகிறது, நாம் முன்கூட்டியே கீழே அழுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு யோசனை செய்தேன். பலன், குண்டுகளெல்லாம் அட்டைக்கு முன்னால் மண்ணில் புதைந்தன. "துப்பாக்கியில் கோளாறு" என்றேன்.

ஹவில்தார் அதை வாங்கி, எனக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒரு காலித் தோட்டாவைச் செருகிக் கொடுத்தார். நான் விசையை இழுத்தேன். 'டிக்' என்றது. வெடிக்கவே இல்லை. ஆனால் என் கை கீழே குத்தியது, கண் இறுக மூடியது, வாய் "ஐயோ" என்றது. வரிசையில் நின்ற கான்ஸ்டபிள்கள் எல்லோரும் சேர்ந்தாற்போல் மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். ஹவில்தார் மட்டும் என்னைப் பார்த்தார்.

"வெடிக்காததுக்கே இம்மாம் பேஜாரா சார்?"

தீப்பெட்டி

பயம் தெளிய வீட்டில் பழகச் சொன்னார்கள். தோட்டா இல்லாத ரிவால்வரை நீட்டி, குழல்மேல் தீப்பெட்டியை நிறுத்தி, அது விழாமல் விசையை மெதுவாக இழுக்க வேண்டும். பிடியின் உச்சியில் கையை ஒட்டிப் பிடித்து, மணிக்கட்டை இறுக்கி, மூச்சை அடக்கி, சாயங்காலம் முழுவதும் கூடத்தில் நின்றேன். தீப்பெட்டி விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு தடவை ஆடாமல் நின்றது! பெருமையாக மனைவியைக் கூப்பிட்டேன். வந்தாள், பார்த்தாள், தீப்பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"அடுப்பு பத்த வெக்கணும். நீங்க வேற எதையாவது வெச்சி சுடுங்க."

நாய்

சாராய சோதனைக்காக மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்குப் போயிருந்தோம். அங்கே வெறிநாய் ஒன்று இரண்டு பேரைக் கடித்துவிட்டிருந்தது. கரையில் ஏற்றி வைத்த படகின்மேல் அஞ்சலை என்ற பெண் கைக்குழந்தையோடு நின்று அலறினாள். நாய் நுரை தள்ளிக்கொண்டு படகை முட்டி முட்டிப் பாய்ந்தது. துடுப்போடு நின்ற ஆட்களால் நெருங்க முடியவில்லை.

அவளை விட்டு விலகிக் குறி கிடைக்கிற இடமாகப் பார்த்து மணலில் மண்டியிட்டேன். ஒரு கையால் சுடுவதுதான் டிரில். நான் இரண்டு கையாலும் பிடித்தேன். முதல் குண்டு நாயைத் தாண்டிக் கடலில் போய் விழுந்தது. நாய் படகின் விளிம்பில் காலை வைத்துவிட்டது. துள்ளிய குழலோ அந்தக் குழந்தையின் பக்கமே திரும்பி நின்றது. 'சுடு, சுடு' என்று விரல் பறந்தது. பல்லைக் கடித்து விரலை நிறுத்தினேன். குழல் இறங்கட்டும், இறங்கட்டும்... இறங்கி நாயின்மேல் வந்ததும் இழுத்தேன். நாய் சுருண்டு விழுந்தது.

அஞ்சலை இறங்கி வந்தாள். குழந்தையை அப்படியே என் மடியில் வைத்தாள். அவள் புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"இன்னா சார், மொதக் குண்டு கடலம்மாவுக்கா?"

அன்றைக்கு நான் காட்டிய ஒரே சாமர்த்தியம் இரண்டு குண்டுக்கும் நடுவே சுடாமல் இருந்தது, அதற்கு எங்கள் இலாகாவில் மெடல் கிடையாது.